இரண்டு பக்கப் பலகை

மகளுக்கு வரைபலகை வாங்கித் தருகிறேன் என்று என் மதினி, அதாவது கணவரின் அக்கா, போனில் சொன்ன அன்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கால்களோடு நிற்கிற பலகை அது. ஒரு பக்கம் கரும்பலகை, மறுபக்கம் வெள்ளைப் பலகை, பிள்ளைகள் நின்றுகொண்டே வரையலாம். மதினியோ ஆயக்குடியில் கொய்யா வியாபாரம் செய்கிறவர். விடிவதற்குள் கூடைகளுக்கு நடுவில் போய் நிற்கிறவருக்கு, இப்படி ஒரு சாமான் உலகத்தில் இருப்பது எப்படித் தெரிந்தது?

"நீ ஆன்லைன்ல எதையும் போட்டுறாத. நானே மலைக்கு மேல வந்து கையால தொட்டுப் பாத்து வாங்குறேன். வாங்குனது ஒங்க வீட்லதான் இருக்கணும், இங்க வேணாம்," என்றார்.

ஏன் அவரே வர வேண்டும்? ஏன் அங்கே வேண்டாம்? போனை வைத்த பிறகும் இந்த இரண்டு கேள்வியும் என்னை விடவில்லை.

சந்தேகப்படுவது எனக்குப் பிழைப்பு. கொடைக்கானலில் ஒரு காட்டேஜில் புக்கிங் பார்க்கிறேன். 'ரெண்டே பேர்தாங்க' என்று சொல்லிவிட்டு வேன் நிறைய வந்து இறங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். பொதுவாகவே எங்கள் ஊர்க்காரர்கள் தேன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள். ஆனால் மதினி மேல் எனக்கு வந்த சந்தேகத்துக்குக் காரணம் வேறு.

என் மகள் இடது கைக்காரி. எல்.கே.ஜி. படிக்கிறாள். அட்டுவம்பட்டியில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டின் சுவரில் அவளுக்கு எட்டுகிற உயரம் வரைக்கும் யானைகளும் பஸ்களும்தான். வீட்டுக்காரம்மா வருகிற நாளில் நாற்காலிகளைச் சுவரோரம் இழுத்துப் போட்டு மறைப்பேன். திட்டுவேனே தவிர, அந்தக் கோடுகள் எனக்குப் பிடிக்கும். யோசிக்கவே மாட்டாள். ஒரே இழுப்பில் துதிக்கை வந்துவிடும்.

பள்ளிக்கூட லீவில் அவளை ஆயக்குடிக்கு அனுப்பினோம். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது வேலை கழுத்து மட்டும் இருந்தது. கணவர் தாண்டிக்குடிப் பக்கம் ஜீப் ஓட்டுகிறார். லீவு முடிந்து திரும்பி வந்தவள் கிரேயானை இடது கையில் எடுத்தாள், என் முகத்தைப் பார்த்தாள், வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். கோடு நடுங்கியது. யானை கொசு அளவுக்குச் சுருங்கி ஒரு மூலையில் நின்றது. போகப் போக கிரேயான் டப்பாவைத் திறப்பதையே விட்டுவிட்டாள். சுவரில் புதிதாக ஒன்றும் வரவில்லை.

"அந்தக் கையில வரையக் கூடாதுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

"அது நொட்டாங்கைம்மா. அதுல ஆய்தான் கழுவணும்," என்றாள். யார் சொன்னது என்று மறுபடியும் கேட்டதற்குத் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை என்று நினைத்தேன். கல்யாணமான புதிதில் ஒரு நாள் மதினிக்கு இடது கையால் தண்ணீர் கொடுத்துவிட்டேன். அவர் வாங்கவில்லை. நான் கை மாற்றிக் கொடுக்கும் வரை சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டில் மாமனாரும் இருக்கிறார்தான். ஆனால் கண் மங்கிப் போய், நாள் முழுக்க டி.வி. சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கட்டிலில் கிடக்கிறவர். அவரை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

கணவரிடம் சொன்னேன். "அக்கா அப்படிச் செய்யாது. எனக்குச் சிலேட்டுல எழுதப் பழக்குனதே அக்காதான்," என்றார். அவருடைய எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். மளிகைக் கடைச் சீட்டை எழுதியவரே படித்துச் சொன்னால்தான் உண்டு. அதனால் இந்தச் சாட்சி எனக்குப் போதவில்லை.

சொன்னபடியே மதினி ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே பஸ் ஏறி, ஒரு பை கொய்யாவோடு வந்து இறங்கினார். அவர், நான், மகள் மூன்று பேருமாகக் கடைவீதிக்குப் போனோம். முதல் கடையில் இருந்தது பிளாஸ்டிக். காலைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார், பலகை மடிந்து கீழே விழுந்தது. "இது பொம்மைக்குப் பொம்மை," என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

இரண்டாவது கடை ஒரு பாயுடையது. நோட்டு, பேனா, விளையாட்டுச் சாமான் எல்லாம் வைத்திருப்பார். உள்ளேயிருந்து மரத்தில் செய்த ஒன்றைக் கொண்டுவந்து விரித்து வைத்தார். மதினி அதைக் கொய்யாப்பழம் மாதிரியே பார்த்தார். அழுத்தினார், திருப்பினார், முகர்ந்தும் பார்த்தார்.

"பனிக்கு மரம் ஊதிக்காதா பாய்?"

"ஜன்னலோரம் போடாம உள்ள தள்ளிப் போடுங்கம்மா. ஒண்ணும் ஆகாது."

நான் வெள்ளைப் பலகைப் பக்கம் நின்று, அழித்தால் கறை போகிறதா என்று தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதினியும் மகளும் எனக்கு எதிரே, கரும்பலகைப் பக்கம். பலகை பிள்ளை உயரம்தான் என்பதால் மேலாக எட்டிப் பார்த்தால் அவர்கள் செய்வது எனக்குத் தெரியும்.

மதினி ஒரு சாக்பீஸை மகளிடம் கொடுத்து, "வரை தாயி," என்றார். மகள் அத்தையைப் பார்த்தாள், பலகைக்கு மேலே என்னைப் பார்த்தாள், வலது கையால் வாங்கிக்கொண்டாள். மதினி அவள் என்ன வரைகிறாள் என்று பார்க்கவே இல்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. சோதித்துப் பார்க்கத்தான் மலை ஏறி வந்திருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

சாக்பீஸும் பெயிண்ட் கிண்ணமும் வைப்பதற்கு அந்தப் பலகையின் ஓரத்தில் ஒரு சின்னத் தட்டு உண்டு. மதினி குனிந்து அதைத் தொட்டுக் காட்டி பாயிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். பாய் திருப்புளி எடுத்து வந்தார். நான் நின்ற இடத்திலிருந்து தட்டு இடது பக்கம் இருந்தது. அதைக் கழற்றி வலது பக்கம் மாட்ட ஆரம்பித்தார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"போதும் மதினி. அவ கையை மாத்துறதுக்கா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தீங்க? ஒங்க பலகையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

பாய் திருப்புளியைப் பிடித்தபடியே, யாரோ வருகிற மாதிரி தெருவைப் பார்த்தார். மதினிக்குக் கோபம் வரவில்லை.

"இந்தப் பக்கம் வந்து நின்னு பாரு," என்றார்.

சுற்றிக்கொண்டு போய் மகளுக்குப் பின்னால் நின்றேன். தட்டு அவளுடைய இடது கைப் பக்கம் இருந்தது. இடது கையை லேசாகத் தூக்கினாலே சாக்பீஸ் கைக்கு வந்துவிடும். எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல," என்றேன்.

"என்னன்னு சொல்ல? எங்கப்பாதான் புள்ளையை அரட்டுனாருன்னா? டி.வி.யில யாரு இருக்கான்னு தெரியாது, ஆனா புள்ள எந்தக் கையில எழுதுதுன்னு மட்டும் தெரியுது. நான் குறுக்க பேசுனா சோறு திங்காம கெடக்காரு. அதான் அங்க வேணாம்னேன். அவரு கண்ணுல படாத எடத்துல இருக்கட்டும்."

அப்போதும் எனக்குச் சந்தேகம் முழுதாக அடங்கவில்லை. அதுதான் என் புத்தி. என் கையில் சொம்பை வாங்காத மனுஷி இவர். டாக்சியில் பலகையை மடக்கி மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு திரும்பும்போது கேட்டேன்.

"ஒங்களுக்கு ஏன் மதினி இதுல இம்புட்டு அக்கறை?"

மகள் என் தோளில் சாய்ந்து தூங்கியிருந்தாள். மதினி அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஒன் வீட்டுக்காரனும் நொட்டாங்கைதான். சின்னதுல நல்லா வரைவான். அப்பா சொன்னாருன்னு, நான்தான் என் பழைய தாவணியைக் கிழிச்சு அவன் கையை இடுப்போட கட்டிப்போட்டு சிலேட்டுல எழுத வச்சேன். வெரசா பழகிட்டான். அதுக்கப்புறம் எதையும் வரையல."

"அழுவாரா?"

"அழுதுருந்தா அவுத்து விட்டுருப்பேன். சிலேட்ட எடுத்ததும் அவனே கையை நீட்டுவான், கட்டச் சொல்லி."

கல்யாணமானதிலிருந்து அவருடைய எழுத்தை நான் செய்யாத கேலி இல்லை. சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

பலகையைக் கூடத்தில், ஜன்னலைவிட்டுத் தள்ளி நிறுத்தினோம். மகள் வெகுநேரம் அதைத் தொடவில்லை. மதினி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கொய்யா நறுக்கிக்கொண்டே, "இங்க தாத்தா இல்ல தாயி," என்று மட்டும் சொன்னார். நான் துணி மடிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். இடது கை தட்டுக்குப் போனது. துதிக்கை கரும்பலகையின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை போய், இடம் போதாமல் மரச்சட்டத்திலும் ஏறியது. சட்டத்தைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் கணவர் மழையில் நனைந்து வந்தார். தலையைத் துவட்டக்கூட விடாமல் மகள் இழுத்துப்போய் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, மார்க்கரை நீட்டினாள்.

"நீ இந்தப் பக்கம் வரைப்பா. நான் அந்தப் பக்கம்."

வலது கையால் வாங்கிக்கொண்டார். "எனக்கு வரைய வராது தங்கம்," என்று சிரித்தார்.

தம்பிக்குக் கொய்யா நறுக்கிக்கொண்டிருந்த மதினி நிமிர்ந்தார். "ஏலே, அந்தக் கையில பிடி."

"எந்தக் கையிலக்கா?"

மதினி தம்பியின் இடது கையைக் கண்ணால் காட்டினார். மகள் அதற்குள் மறுபக்கம் போய் சாக்பீஸால் வரைய ஆரம்பித்துவிட்டாள். என் கணவர் மார்க்கரைப் பார்த்தார். பிறகு இடது கைக்கு மாற்றினார். மாற்றிவிட்டு, என் மகள் அன்று என் முகத்தைப் பார்த்த மாதிரியே, அக்காவின் முகத்தைப் பார்த்தார்.