வாகை மரத்துக்குக் கட்டாத பட்டு

எங்கள் கோயில் அம்மாள் குறை நினைப்பாளோ என்று மூன்று வருடமாக இதை எழுதத் தயங்கினேன்.

வவுனியா நகர மரங்களைக் காக்க நகரசபையில் பேசுவதற்குத் தொண்டர்களுக்குப் பயிற்சி. கிளிநொச்சியிலிருந்து வந்த நான், பேசிப் பழக, வெட்டுவதற்குச் சிவப்புக் குறி போட்ட வாகையடிக்குப் போகிறேன். நிழலில் கச்சான் கடலை வறுத்து விற்கும் அக்கா சிரிக்கிறார்.

“கதைச்சு என்ன தங்கச்சி? ஒரு சூலத்தை நட்டு, பட்டுத் துணியைக் கட்டிவிடுங்கோ. ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்.”

என் பையில் அம்மாளுக்குச் சாத்திய கோயில் பட்டு இருக்கிறது. பையை இழுத்து மூடுகிறேன்.

“அம்மாளைப் பொய்க்கு இழுக்கேலாது அக்கா. நாளைக்குச் சபைக்கு நீங்கள் வந்து சொல்லுங்கோ, இந்த நிழலிலதான் பிழைக்கிறன் எண்டு.”

“நானோ? மரத்துக்கு முதல் என்னையெல்லோ இங்கயிருந்து எழுப்புவாங்கள்!”

அவர் மரத்தை அண்ணாந்து பார்க்கிறார்.

“எத்தனை மணிக்கு?”

மரம் இன்னும் நிற்கிறது. இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். அம்மாள் உருவேறி வந்ததாக மட்டும் சேர்த்துவிடாதீர்கள். சபையில் எழும்பி நின்றது கச்சான் அக்கா.