அரக்கனின் வால்

எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை ஏழு வயதிலிருந்து நான்தான் வாசித்தேன். அம்மா மன்னாரில் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அம்மாவின் தம்பியான மாமா அந்த இரண்டாம் வகுப்பையும் முடிக்கவில்லை. இருவரும் நொர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் பல வருடம் நின்றவர்கள். மீன் வெட்டிக்கொண்டே காதால் பிடித்த நொர்வேஜிய மொழி இருவருக்கும் உண்டு. யாராவது பேசினால் விளங்கும், எழுத்துத்தான் விளங்காது. ஒஸ்லோவுக்கு வந்து ரொம்மனில் குடியேறிய பிறகு, தபாற்பெட்டியில் விழுந்ததெல்லாம் என் கைக்கு வந்தது. பள்ளிக்கூடக் கடிதம், வீட்டு வாடகைக் கடிதம், பல் வைத்தியர் கடிதம். “என்ரை பிள்ளை ஒரு எழுத்தும் பிழையாய் வாசிக்க மாட்டான்” என்று அம்மா தொலைபேசியில் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லிவைத்திருந்தார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, பள்ளி மண்டபத்தில் நடக்கும் பழைய சாமான் சந்தையில் மாமா ஒரு டிவிடி வாங்கிவந்தார். அட்டையில் ஒரு ஜப்பானியப் பெண் சிவப்புத் தலைக்கவசமும் பாத்திரம் கழுவும் கையுறையும் போட்டுக்கொண்டு பறந்தாள். அவள் இடுப்பில் கட்டியிருந்த கயிறும் தெரிந்தது. நல்ல சண்டைப்படம் என்று மாமா நினைத்தார். அது வீரநாயகிப் படங்களைக் கேலி செய்ய, வீட்டில் கிடந்த சாமான்களை வைத்து எடுத்த படம் என்று எங்களுக்குத் தெரியாது. அரக்கன் என்பவன் மெத்தைக்குள் புகுந்த ஒரு மனிதன், முதுகில் மெத்தை உறையின் ஸிப் தெரியும். அவனுடைய கை, தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் குழாய்.

பேச்சு ஜப்பானிய மொழியில், கீழே நொர்வேஜிய எழுத்து. “வாசி அப்பன்” என்றார் அம்மா.

எழுத்து ஓடிய வேகத்துக்கு என்னால் ஓட முடியவில்லை. பிடித்து வாசித்ததும் பொருந்தவில்லை. உலகத்தை அழிக்க வந்த அரக்கன், தன் வால் சலவைக்கடையில் இருக்கிறது என்று ஏன் சொல்ல வேண்டும்? நான்தான் பிழையாக வாசிக்கிறேன் என்று நினைத்தேன். அப்படியே சொன்னால் அம்மாவும் அதைத்தான் நினைப்பார். ஆகவே, சரியாக இருக்கக்கூடிய ஒன்றைச் சொன்னேன்.

“அரக்கன் உண்மையிலை அவளின்ரை தம்பியாம், அம்மா. சின்னனிலை துலைஞ்சு போனவனாம்.”

அம்மா அழுதார். மாமா கதிரையில் நித்திரையாகியிருந்தார். அதன்பிறகு ஞாயிறு தவறாமல் அந்தப் படம் ஓடியது. முந்தின கிழமை என்ன சொன்னேன் என்பதை மறக்காமல் வைத்திருப்பதே எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது.

மாமா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. தன்னோடு வேலை செய்யும் நொர்வேஜியர் ஒருவரிடம், அக்கா இந்தப் படத்தைப் பார்த்து அழுகிறா என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் இப்படியான படங்களுக்கு உயிரை விடுகிற கூட்டத்தில் ஒருவர். “அழுகிறாவா?” என்று மூன்று தரம் கேட்டாராம். அடுத்த ஞாயிறு பின்னேரம் நகரத்தில் ஒரு சின்னத் திரையரங்கில் அதே படம் போடுகிறார்கள் என்று மூன்று டிக்கெட்டும் கொடுத்துவிட்டார்.

போனால், வளர்ந்த ஆட்கள் எல்லாரும் பாத்திரம் கழுவும் கையுறை போட்டிருந்தார்கள். தலையில் சிவப்பு மட்டையில் செய்த கவசம். படம் தொடங்கியதும் சிரிக்கத் தொடங்கினார்கள்.

“ஏன் சிரிக்கினம்?” என்று அம்மா கேட்டார்.

“இவை கவலை வந்தால் சிரிப்பினம், அம்மா.”

“ஓம், தொழிற்சாலையிலையும் அப்பிடித்தான்” என்றார். நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது எனக்குத் தெரியாது. பிடித்த காட்சி வந்தால், கீழே ஓடும் எழுத்தை எல்லாரும் ஒரே குரலில் வாசிப்பார்கள். அக்கா தலைக்கவசத்தைக் கழற்றி, “தம்பி, என்னைத் தெரியேல்லையோ?” என்று கேட்கும் காட்சி வந்தது. அது நான் வீட்டில் சொல்லிவைத்த கதை. மண்டபத்தின் இடது பக்கம் முழுவதும் அரக்கனுக்காக நொர்வேஜிய மொழியில் கத்தியது: என் வால் சலவைக்கடையில் இருக்கிறது, ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்! வலது பக்கம் முழுவதும் அவளுக்காகக் கேட்டது: ரசீதுத் துண்டு வைத்திருக்கிறாயா?

மாமா அம்மாவைத் தாண்டிக் குனிந்தார். “டேய், தம்பி எண்டெல்லோ சொன்னனி? இவை என்ன, வால் எண்டுகினம்?”

அம்மா திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. “சும்மா இருந்து படத்தைப் பார்” என்றார் மாமாவிடம்.

மிச்சப் படத்தை நான் பார்க்கவில்லை. அதுவரை வாசித்துக் கொடுத்த கடிதங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. இனி அம்மா ஒன்றையும் நம்பமாட்டார்.

திரும்பும் ரயிலில், ரொம்மனுக்கு இரண்டு தரிப்பிடம் இருக்கும்போது அம்மா சொன்னார்: “அவை வடிவாய் வாசிக்கேல்லை. எல்லாரும் ஒண்டாய்க் கத்தினால் பிழை வரும்தானே.” மாமா வாயைத் திறந்தார். அம்மா ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டார்.

ஒரு மண்டபமே பிழை, நான் மட்டும் சரி. அன்று எனக்கு வந்த நிம்மதிக்கு அளவில்லை.

அடுத்த ஞாயிறும் படம் ஓடியது. அதே இடத்தில் தம்பி கிடைத்தான், அம்மா அதே இடத்தில் கண்ணைத் துடைத்தார். கடிதங்களில் மட்டும் ஒரு மாற்றம். “முதல் அவையின்ரை மொழியிலை சத்தமாய் வாசி, பிறகு தமிழிலை சொல்லு” என்றார். நான் வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அம்மாவுக்கு இந்த வயதில் மொழி படிக்க ஆசை வந்துவிட்டது என்று எனக்குப் பெருமை. ஆசிரியரைப்போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தேன்.

படத்துக்கு ஒருநாளும் அப்படி வாசிக்கச் சொல்லவில்லை.