மீசைக்காரருக்கு ஒரு வாய்

போன வருடம் ஒஸ்லோவில் பனி கொட்டத் தொடங்கிய நேரம். மூளையில் இரத்தக் குழாய் அடைத்து என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வலது கை வேலை செய்யவில்லை. அதைவிடப் பெரிய இடி, பேச்சு அடியோடு போய்விட்டது. ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் மாடிக் கட்டடம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கதைக்கிற மனிதர் அவர்.

இவருக்கு ஸ்பெயினில் ஒரு பெரிய உதைபந்தாட்டக் கழகம்தான் குலதெய்வம். அதிலும் விளையாடுகிறவர்களைவிட அவர்களை ஆட்டுவிக்கிற பயிற்சியாளர்களில்தான் பைத்தியம். அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை யார் வந்தார், யார் துரத்தப்பட்டார், யார் போய்த் திரும்பி வந்தார் என்று வரிசையாக ஒப்புவிப்பார்.

எங்கள் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளைச் சாப்பிட வைப்பது பெரும்பாடு. மற்ற வீடுகளில் நிலாவைக் காட்டிச் சோறு தீத்துவார்கள். இவர் பயிற்சியாளர்களைக் காட்டினார். ஆளுக்கு ஒரு வாய். பெயர்கள் பிள்ளையின் வாயில் நுழையாது என்று பட்டமும் வைத்தார்: இங்கிலாந்துக்காரர், தொப்பிக்காரர், ஒல்லாந்துக்காரர், மீசைக்காரர், வழுக்கையர் என்று அது நீண்டுகொண்டே போகும். மீசைக்காரரில் இவருக்குத் தனிப் பாசம். சத்தம் போடாமல் வென்றவராம். ஒருவரைத் தவறவிட்டால் பிள்ளை வாயை இறுக மூடிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். விட்ட ஆளைக் கூப்பிட்டால்தான் வாய் திறக்கும்.

"பிள்ளைக்கு ஒரு தேவாரம் சொல்லிக் குடுக்கத் தெரியேல்லை. வெள்ளையளின்ரை புராணம் படிப்பிக்கிறார்" என்று நான் குசினியில் நின்று புறுபுறுப்பேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பழக்க வந்த நோர்வே பெண், மனப்பாடமாக இருப்பது சிலவேளை முதலில் வெளியே வரும் என்றாள். எண்கள் சொல்லிப் பார்த்தாள். கிழமை நாட்கள் சொல்லிப் பார்த்தாள். நான் தேவாரம் பாடினேன். இவர் உதட்டை அசைப்பார், ஒன்றும் வராது. பிறகு முயற்சி செய்வதையே விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார். அதுதான் என்னை உலுக்கியது. இனி இந்த மனுசனின் குரலைக் கேட்கவே மாட்டேனோ என்று ரயிலில் அழுதுகொண்டே வீடு போயிருக்கிறேன்.

ஒரு மத்தியானம் நானும் மகளும் சோறும் பருப்பும் குழைத்துக் கொண்டுபோனோம். விழுங்குவதில் பிரச்சினை இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவரோ வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இஞ்சாருங்கோ, இது இங்கிலாந்துக்காரருக்கு" என்று கரண்டியை நீட்டினேன்.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. மகள் கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள்.

தொப்பிக்காரருக்கு ஒரு வாய். ஒல்லாந்துக்காரருக்கு ஒரு வாய். எனக்கோ சந்தோசத்தில் ஒரே புளுகம். "இது வழுக்கையருக்கு" என்றேன்.

வாய் மூடிக்கொண்டது.

"என்னப்பா, வழுக்கையருக்கு ஒரு வாய்!" கரண்டியை உதட்டில் முட்டினேன். அசையவில்லை. முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சு அடைக்கிறதோ என்று பயந்து மணியை அழுத்தப் போனேன். மகள் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"அம்மா, நீங்கள் ஒராளை விட்டிட்டீங்கள். பொறுங்கோ, சொல்லாதேங்கோ."

"ம்..." என்றார் இவர். கண் என்மேல்தான் இருந்தது. "மீ..." பிறகு, யாரோ புது ஆளின் குரல் மாதிரிக் கரகரத்து, "மீசை."

"மீசைக்காரருக்கு" என்று நான் சொல்ல வேண்டும். இப்போது என் குரல்தான் வரவில்லை. மகள்தான் அழுதுகொண்டு சொன்னாள். அவர் வாயைத் திறந்தார்.

இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்கிறார். என் பெயர் வரப் பிறகும் பல நாள் சென்றது. முதலில் எனக்கு அதில் சின்னக் கோபம், இப்போது இல்லை. எங்களை யாரென்றே தெரியாத அந்த மீசைக்காரர் எங்கோ ஸ்பெயினில் ஒரு மைதான ஓரத்தில் நின்றார், அவர் வென்ற ஆட்டங்களிலேயே பெரியது ஒஸ்லோவில் ஒரு கரண்டிச் சோற்றில் நடந்தது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியப் போவதில்லை.