வில்லனைப் பெற்றவள்

என் மகனுக்கு இரண்டு வேலை. வார நாளில் பம்ப் பட்டறையில் லேத் ஓட்டுவான். திருவிழா வந்தால் குஸ்தி மேடையில் வில்லன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனாலும் வில்லனைப் பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு நாளும் கூச்சம் இருந்ததில்லை. அந்த ஒரு சாயங்காலம் தவிர.

கேபிள் டிவி வந்த புதிது. சிங்காநல்லூரில் எங்கள் லைன் வீடுகளில் பிள்ளைகள் எல்லாம் வெள்ளைக்காரர்கள் குஸ்தி மேடையில் கட்டிப் புரளுவதைப் பார்த்துக்கொண்டேதான் சோறு தின்பார்கள். பொருட்காட்சிகளில் மரணக்கிணறு நடத்திக்கொண்டிருந்த ஒரு கான்ட்ராக்டர் அதைப் பார்த்துவிட்டு நம்ம ஊர்களிலும் நடத்தலாம் என்று இறங்கினார். யார் விழுவது, யார் எழுவது எல்லாம் முன்னாலேயே பேசி வைத்ததுதான். என் மகனுக்கு வாய் நீளம், அவனுக்கு வில்லன் வேஷம். அவன் கூட்டாளிக்கு நல்லவன் வேஷம். அதே பட்டறையில் மோல்டிங் பார்த்தவன், எப்போதும் சிரித்த முகம்.

கான்ட்ராக்டர் ஒரு சட்டம் போட்டிருந்தார். ஆட்டம் நடக்கிற ஊரில் வில்லனும் நல்லவனும் சேர்ந்து தென்படக்கூடாது. ஒரே பஸ்ஸில் வரக்கூடாது, ஒரே கடையில் டீ குடிக்கக்கூடாது. சனம் பார்த்தால் சண்டை பொய் என்று ஆகிவிடுமாம். அதனால் என் வீட்டில் ஒரே குண்டாவில் சோறு தின்றுவிட்டு, ஒருத்தன் முதல் பஸ், இன்னொருத்தன் அடுத்த பஸ்.

காங்கேயத்துக்கு அந்தப்பக்கம் ஓர் ஊரில் திருவிழா, மாரியம்மன் நோம்பி. கூடவே மாட்டுச் சந்தை. எனக்கு மாவிளக்கு எடுக்கும் வேண்டுதல் இருந்ததால் நானும் போனேன்.

முதல் நாள் என் மகன் கறுப்பு டவுசரோடு மேடை ஏறினான். ஆட்டத் திடலைச் சுற்றி மறைத்த ஓலைத் தட்டிக்கு அந்தப்பக்கம் கட்டியிருந்த காளைகளைக் கையால் காட்டினான்.

"ஏனுங்க, இதென்ன காளைங்களா? கன்னுக்குட்டிக்குக் கொம்ப ஒட்டி வெச்சிருக்கீங்களா? எங்கூருப் பால்காரன் சைக்கிளு இதவிட நல்லா முட்டுமுங்க!"

அவ்வளவுதான். கடலைத்தோலும் செருப்பும் பறந்தன. "எறங்குடா கீழ! எங்க மாட்டப் பத்தி உனக்கு என்றா தெரியும்?" என்று கிழவர்கள் கூட எழுந்துவிட்டார்கள். என் பக்கத்தில் இருந்தவள் மண்ணை வாரித் தூற்றி, "இவனப் பெத்தவ என்னத்தத் தின்னு பெத்தாளோ!" என்றாள்.

"பருத்திக்கொட்டையா இருக்குமுங்க" என்றேன் நான்.

கூட்டாளி என் மகனைத் தூக்கிப் போட்டதும் ஊரே குலவை போட்டது. முன்வரிசையில் இருந்த பெரிய மாட்டுக்காரர் ஒருவர் மேடைக்கே ஏறி, தன் தோள் துண்டை எடுத்து அவன் தோளில் போட்டார். "எங்க மாட்டு மானத்தக் காப்பாத்திப்போட்டே சாமி. நாளைக்கு ஆட்டம் முடிஞ்சதும் எங்கூட்டுக்கு ஒரு வாய் சோத்துக்கு வரோணும் கண்ணு" என்றார். "சரிங்க" என்று சிரித்தான் அவன்.

அவன் என்ன சாதி என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. எங்கள் சனம் காடு தோட்டம் வைத்திருந்த சனம். அவன் சனம் அந்தக் காடுகளில் கூலிக்கு இறங்கிய சனம், ஊருக்கு வெளியே காலனியில் இருந்தது. சிங்காநல்லூர் லைன் வீட்டில் அதை யாரும் கிளறியதில்லை.

மறுநாள் காலையில் தட்டி மறைவில் நான் இரண்டு பேருக்கும் புளிச்சோறு போட்டுக்கொண்டிருந்தேன். கான்ட்ராக்டர் வந்து குந்தினார்.

"மாட்டத் திட்டுனது நேத்தைக்குச் சரி தம்பி. இன்னைக்கு எடுபடாது. அவன் சாதியச் சொல்லித் திட்டு. சனம் கொதிச்சுப்போயிரும். உன்ற மேல பாய்வாங்க பாரு."

"ஏனுங்க, அந்தச் சொல்லு எதுக்குங்க?" என்றேன். "என்னையத் திட்டச் சொல்லுங்க. பெத்தவ கேட்டுக்கறேன்."

"வேசந்தானுங்கம்மா. கெட்டவன் வாயில வந்தாத்தானே அது கெட்ட சொல்லுன்னு சனத்துக்கு வெளங்கும்?"

என் மகன் கூட்டாளியைப் பார்த்தான். "நீ என்றா சொல்றே?"

"சொல்லிட்டுப் போடா. நான் கேக்காததா?" என்றான் அவன், மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டே. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் சுற்றிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றுவிட்டது. அதை நான் பார்த்தேன்.

இன்றைக்கும் நான் சொல்வது இதுதான். வில்லன் திட்டட்டும். ஊரைத் திட்டட்டும், மாட்டைத் திட்டட்டும். ஆட்டம் முடிந்தால் அந்த வசவும் முடிந்துபோகும். ஆனால் ஒருத்தன் டீக்கடையிலும் கிணற்றடியிலும் நிசமாகவே கேட்கிற சொல்லை மேடையில் ஏற்றினால் அது எங்கே முடியும்?

வெயில் தாழ ஆட்டம் தொடங்கியது. கூட்டாளி அந்தத் துண்டை இடுப்பில் கட்டியிருந்தான். என் மகன் மேடை நடுவில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னான். எந்தச் சொல் என்று எழுத மாட்டேன். எனக்குத் தெரிந்த எழுத்தே கொஞ்சம். அதைக் கொண்டு போய் அதற்கா செலவழிப்பேன்?

செருப்பு வரும் என்று கான்ட்ராக்டர் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. கூட்டம் முழுக்கக் கூட்டாளியின் முகத்தையே பார்த்தது. வெறும் வசவாக இருந்திருந்தால் அவன் சிரித்திருப்பான். சிரிக்கவில்லை. அதிலேயே தெரிந்துபோயிற்று.

பெரிய மாட்டுக்காரர் எழுந்தார். "ஏந்தம்பி, நெசமா?" என்று என் மகனைக் கேட்டார். மகன் ஓரடி பின்னால் வைத்தான். "அப்ப என்றா பாத்துட்டு நிக்கறே? அமுக்குடா அவன!"

நேற்றுச் செருப்பு எறிந்தவர்கள் எல்லாம் இன்றைக்கு என் மகனுக்குக் கை தட்டினார்கள். "துண்டக் கழட்டுடா!" என்று ஒரு குரல். தட்டிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கூலிக்காரச் சனம் தட்டியை இறுகப் பிடித்துக்கொண்டது. ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பேசி வைத்தபடி அடுத்தது அவன் என் மகனைத் தூக்கிப் போட வேண்டும். போட்டால் அந்த ஊரைவிட்டு முழுசாக வெளியே போவானா? போடாமல் அவனே விழுந்தால், தட்டிக்கு வெளியே நிற்கும் சனத்தின் முகத்தை எப்படிப் பார்ப்பான்? இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மேடை நடுவில் நின்றுவிட்டார்கள். மகனின் உதடு மட்டும் அசைந்தது. போடு, போடு என்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. பெரியவர் மேடைப் பலகையில் ஒரு காலை வைத்துவிட்டார். அவருக்குப் பின்னால் மாட்டுக்காரர்கள் சாட்டையோடு நெருங்கினார்கள்.

நான் எழுந்து போனேன். மேடையோரம் நின்று கூட்டாளியைப் பார்த்துக் கத்தினேன்.

"தூக்கிப் போடு கண்ணு! எங்கூட்டுச் சோத்தத் தின்ன ஒடம்புதானே? பெலமில்லையா?"

பெரியவர் திரும்பினார். "நீங்க ஆருங்க அம்மணி?"

"இந்தக் கறுப்பு டவுசர்க்காரனப் பெத்தவ. நானும் உங்க சனந்தானுங்க. எந்த ஊரு, ஆரு மகளுன்னு கேளுங்க, நின்னு சொல்றேன். எம்பையன் பேசுனது தப்பு. அவனுக்கு அடி விழோணும். குறுக்க வர்றதுன்னா என்னையத் தாண்டிப் போங்க."

மாவிளக்கு எடுத்த மஞ்சள் சேலையோடு நின்றேன். நோம்பி நாளில் விளக்கு எடுத்த பொம்பளையை அந்தப்பக்கம் யாரும் தொட்டு நகர்த்த மாட்டார்கள். பெரியவர் என் சேலையைப் பார்த்தார். பிறகு பலகையிலிருந்து காலை எடுத்தார்.

கூட்டாளி தூக்கினான். போட்டான். பட்டறைக்குப் பின்னால் மரத்தூளில் அவர்கள் பழகுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. பேசி வைத்த போடு இல்லை அது. மகன் உதட்டில் ரத்தத்தோடு எழுந்தான். உள்ளே யாரும் கை தட்டவில்லை. தட்டிக்கு வெளியிலிருந்து மட்டும் ஒரு விசில்.

கூட்டாளி இடுப்புத் துண்டை அவிழ்த்து, மடித்து, மேடை ஓரத்தில் வைத்துவிட்டு இறங்கினான்.

"கெடுத்துப்போட்டீங்களே அம்மா! ஒரே ஊட்டுச் சோறுன்னு சொன்னப்பொறவு ஆரு ஆட்டம் பாக்க வருவா?" என்று கான்ட்ராக்டர் தலையில் கை வைத்தார். அந்தக் குஸ்தி அத்தோடு நின்றது.

பஸ் நிறுத்தத்தில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். இனிமேல் எந்தச் சட்டமும் இல்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. "நான் சொல்லவும் போட்டே பாரு கண்ணு" என்றேன்.

"நீங்க சொல்லாட்டியும் போட்டிருப்பேனுங்கம்மா."

மரியாதையாகத்தான் சொன்னான். அவன் என் மகன் பக்கம் திரும்பினான். "நானுதான் சொல்லச் சொன்னேன். ஆனாலும் நீ சொல்ல மாட்டேன்னு நெனச்சேன்டா."

கோயமுத்தூர் பஸ் வந்தது. நான் ஏறினேன், மகன் ஏறினான். கூட்டாளி கீழேயே நின்றான்.

"நீங்க போங்க. நானு அடுத்த பஸ்ல வாரேனுங்க."

மகன் சன்னல் ஓரமாக உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் துண்டைப் போட்டு வைத்தான். பல்லடத்தில் கூட்டம் ஏறியது. ஒருவர் துண்டைப் பார்த்து, "ஏந்தம்பி, ஆள் வருதுங்களா?" என்று கேட்டார்.

"வருதுங்க" என்றான்.

சூலூர் தாண்டியும் அந்தத் துண்டை அவன் எடுக்கவில்லை.