நிறுத்து என்றால் நிறுத்து

ஒரே சைகைக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் கிளாடிஸுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் அண்ணன் அம்புரோஸ் சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்தவன். அவன் வழக்கமாகப் போன தோணியில், முங்கியவன் கீழேயிருந்து கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் மேலே தூக்கு என்று பொருள். ஒரு வருஷம் ஆள் குறைகிறதென்று வேறு ஊர்த் தோணியில் ஏறினான். அங்கே ஒரு இழுப்பு என்றால் இன்னும் கயிறு விடு என்று அர்த்தமாம். அவன் இழுத்தான், அவர்கள் விட்டார்கள். தூக்கியபோது உயிர் இல்லை. மேலே இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கிளாடிஸ் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்ஸியில் தட்டச்சுக்காரி. பதினோரு வருஷமாகத் தற்காலிகம். 1978-ல் அங்கே இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. ஒன்று உள்நாட்டில் செய்தது. மற்றது வெளிநாட்டில் யாரோ ஓட்டித் தேய்த்துக் கழித்தது. ஒவ்வொன்றின் முன்னாலும் தட்டச்சு இயந்திரம் போல ஒரு டெர்மினல். அதில் அடிப்பது உள்ளே போகும், பதில் தாளில் அச்சாகி வரும். இரண்டிலும் பொத்தான்கள் ஒன்றுபோலவே இருந்தன, குணம்தான் வேறு. ஒன்றில் ‘கன்ட்ரோல்’, ‘சி’ இரண்டையும் சேர்த்து அமுக்கினால் வேலை பத்திரமாக நிற்கும். மற்றதில் அதையே அமுக்கினால் அதுவரை அடித்ததெல்லாம் போய்விடும்.

கூட வேலை பார்த்த முத்துக்கனிக்கு அப்படித்தான் முந்நூறு வரிச் சரக்குப் பட்டியல் ஒரே அமுக்கில் போயிற்று. உப்பு ஏற்றிய கப்பல் அந்தப் பட்டியலுக்காகக் காத்துக் கிடந்தது. மேனேஜர் ராஜகோபாலன் குதித்தார்.

“கவனம் வேண்டாமா உங்களுக்கெல்லாம்?”

“கவனம் இல்லாம இல்ல சார்,” என்றாள் கிளாடிஸ். “அங்கன நிறுத்துங்கிறது இங்கன கொல்லுன்னு ஆகுது. விரலுக்கு எப்படித் தெரியும்?”

அவர் காதில் வாங்கவில்லை. அவள் சும்மா இருக்கவில்லை. ஐந்து மாதம், மதியச் சாப்பாட்டை நாலு வாயில் முடித்துவிட்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு இயந்திரத்தின் கையேடுகளையும் கரைத்துக் குடித்தாள். பிறகு ஒரு புரோகிராம் எழுதினாள். பொத்தானை அமுக்கினால் அது நேரே இயந்திரத்துக்குப் போகாது. புரோகிராம் வாங்கி வைத்துக்கொள்ளும், எழுதிக்கொண்டிருக்கும் வரியை முடிக்கும், அப்புறம் நிறுத்தவா என்று கேட்கும். உள்ளுக்குள் இரண்டு இயந்திரத்துக்கும் வழி வேறு வேறு. வெளியே உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரே பொத்தான், ஒரே கேள்வி. அதற்குப் பிறகு ஒரு பட்டியலும் அழியவில்லை.

அப்போதுதான் புரோகிராமர் என்று ஒரு நிரந்தர வேலை உண்டானது. கிளாடிஸ் விண்ணப்பம் எழுதி ராஜகோபாலன் கையில் கொடுத்தாள். அந்த வேலையை அவள் எப்படி விரும்பினாள் என்று சொன்னால் சிரிப்பார்கள். பெயருக்குப் பின்னால் அந்த ஒரு சொல்லை எழுதிப் பார்த்து, யாரும் வருவதற்குள் கிழித்துப் போட்டவள் அவள்.

“அனுப்பிடறேன்மா. ஆனா டிகிரி கேப்பாளே,” என்றார் அவர். மறு வாரம் ஆழ்வார்திருநகரியிலிருந்து அவருடைய தங்கை மகன் வரது வந்து சேர்ந்தான். கணிதப் பட்டதாரி. நல்ல பையன்தான், அக்கா அக்கா என்று கூப்பிடுவான். கிளாடிஸ் எழுதிய புரோகிராமின் தலைப்பில் பெயர் ஏதாவது இருக்கட்டும் என்று மாமா சொல்ல, தன் பெயரை அடித்துக்கொண்டான்.

ஆளைத் தேர்ந்தெடுக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். அன்று மாதா கோவிலில் காலைப் பூசை கண்டுவிட்டு, பெட்டியில் மடித்து வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள் கிளாடிஸ். அதிகாரி அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. புரோகிராமின் தலைப்பிலிருந்த பெயரைப் பார்த்து வரதுவிடம் கேட்டார்.

“ஒரு வரி பாதி எழுதிண்டிருக்கறப்போ அமுக்கினா என்ன ஆகும்?”

வரது முழித்தான். “அந்த வரி போயிடும் சார்.”

“அப்போ இது எதுக்கு? எடுத்துட்டுப் பழையபடி விட்டுடுங்கோ.”

கிளாடிஸ் வாயை மூடிக்கொண்டிருந்தால் வரதுவின் வண்டவாளம் அங்கேயே வெளியாகியிருக்கும். ஆனால் கூடவே புரோகிராமும் போயிருக்கும். மறுநாளே யாரோ ஒருத்தி பொத்தானை அமுக்கிவிட்டு அழுதுகொண்டு நிற்பாள். கிளாடிஸுக்குப் பொறுக்கவில்லை.

“போகாது சார். வரி முடியுத வரைக்கும் அமுக்கினத வாங்கி வச்சிக்கிடும். அமுக்கிப் பாருங்க.”

அவர் அமுக்கினார். வரி முழுதாக அச்சாகி நின்று, கேள்வி வந்தது. அடுத்த இயந்திரத்திலும் அதேதான். அதிகாரியின் முகம் மலர்ந்தது. எழுந்து வரதுவின் தோளைத் தட்டினார்.

“வெரி குட். ஆபரேட்டருக்கே இவ்வளவு தெளிவா சொல்லிக் கொடுத்திருக்கேளே!”

“பொறுமையா சொல்லித் தருவான் சார்,” என்றார் ராஜகோபாலன், கூசாமல்.

கிளாடிஸ் வரதுவைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி காரில் ஏறிப் போன பிறகுதான் அவள் மேஜையருகே வந்தான். “அக்கா, நான் சொல்லத்தான் வாயெடுத்தேன்…”

“எடுத்த வாய எங்கனய்யா வச்சீரு?” என்றாள்.

வேலை வரதுவுக்குக் கிடைத்தது. கிளாடிஸ் தற்காலிகமாகவே இருந்தாள். அடுத்த திங்கட்கிழமை, ஆபரேட்டர்கள் எல்லோருக்கும் கொடுக்க ஒரு குறிப்பு தேவை என்று ராஜகோபாலன் கைப்பட எழுதிய தாளைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தார். முதல் வரியில், திரு. வரது அவர்கள் உருவாக்கிய புரோகிராமைப் பயன்படுத்தும் முறை என்று இருந்தது. அதற்குக் கீழே மூன்று இடத்தில் முறை தப்பாக இருந்தது. அவள் மூன்றையும் திருத்தினாள். முதல் வரியை இருந்தபடியே அடித்து, பன்னிரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தாள்.