மாடிக்குப் போன மகள்

ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த காலம். டிகிரி இருந்தால் ஏசி ஆபீஸில் உட்காரலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான். பெண் ஒன்றாம் வகுப்பு. சாலவாக்கத்தில் அம்மா வீடு இருந்தது, ஆனால் அண்ணி முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கே ஒரு வேளை சோறு தின்ன முடியாது. அதனால் தபாலில் பி.காம். சேர்ந்தேன். பாடத்தை ஆன்லைனில் பார்க்கலாம், சின்னப் பரீட்சைகளையும் அதிலேயே எழுதலாம் என்று புதிதாகக் கொண்டுவந்திருந்தார்கள்.

மில் கம்ப்யூட்டரில் நெட் கிடையாது. பஜாரில் ஒரு பாய் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அவர் குடும்பம் மேல்மாடியில் இருந்தது. அவர் பெண்ணும் என் பெண்ணும் ஒரே வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டும் கைகோத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடும். நான் ஆறு மணிக்கு மேல் தலையெல்லாம் உமித் தூசியோடு வந்து கீழே உட்காருவேன். வாத்தியார் இரண்டு வரி பேசுவார், நின்றுபோவார், திரையில் வட்டம் சுற்றும். அந்த நேரத்தில் மேலே என் பெண் சிரிக்கிற சத்தம் கேட்கும். என்னோடு இருக்கும்போது அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பாயின் மனைவிமேல் எனக்கு வயிறெரியத் தொடங்கியது அப்போதுதான்.

கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போட்டாவது ஆற்றிக்கொண்டிருப்பேன். அவளோ, "உன் பொண்ணு இங்க கீறதே தெரில, நீ நிம்மதியா படிம்மா" என்பாள். நான் காலையில் அவசரத்தில் இழுத்துக் கட்டிய ஒற்றைச் சடையை அவிழ்த்து, எண்ணெய் வைத்து, வகிடு கோணாமல் இரட்டைச் சடை போட்டு அனுப்புவாள். ராத்திரி என் பக்கத்தில் படுத்திருக்கும் பெண்ணின் தலையில் வேறு வீட்டு எண்ணெய் வாசனை அடிக்கும். ரசம் சோறு வைத்தால், "காலா வூட்ல குருமா" என்று தட்டைத் தள்ளுவாள். காலா என்றால் சித்தியாம். எனக்குத் தங்கையே கிடையாது, என் பெண்ணுக்கு மட்டும் சித்தி எங்கிருந்து வந்தாள்?

ஒரு நாள் என் பெண் கை நிறைய மருதாணியோடு வந்தாள். அழகாகத்தான் இருந்தது. கழுவிவிட்டால் போய்விடுமா என்று நான் சோப்பு போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். இன்னும் சிவந்ததுதான் மிச்சம்.

ரம்ஜான் மாதம் வந்தது. நோன்பு திறக்கும் நேரத்தில் பாய் கடையை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாடிக்குப் போவார். ஒரு சாயந்திரம் அவர் போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கரண்ட் போனது. கீழே தனியாக உட்கார்ந்து என்ன செய்வது என்று ஷட்டரை இறக்கிவிட்டு நானும் ஏறினேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் எல்லாரும் பேரீச்சம்பழமும் கஞ்சியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் பெண், தலையில் துப்பட்டா, இரண்டு கையையும் ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் கிடந்த அவள் டிபன் பாக்ஸைத் தூக்கினேன். வைத்துக் கொடுத்த சோறு அப்படியே இருந்தது.

"கொழந்தைங்க அர நாள் நோன்பு வெப்பாங்கம்மா. எம் பொண்ணு வெச்சான்னு இதுவும் வெச்சிருக்குது. எனக்கே இப்பதான் தெரியும்" என்றாள் பாயின் மனைவி. நோன்பு திறக்கும்போது கேட்டால் கேட்டது கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாளாம்.

வீட்டுக்கு நடந்து போகும்போது கேட்டேன். "இன்னாடி வேண்டிக்கின?"

"சொன்னா அடிப்ப."

"அடிக்க மாட்டேன், சொல்லு."

"நீ ஃபெயிலாவணும்னு."

நடுரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த டி.வி.எஸ்.காரன் திட்டிவிட்டுப் போனான்.

"நீ பாஸாயிட்டா படிப்பு முடிஞ்சிரும். அப்பறம் காலா வூட்டுக்கு இட்டுக்கினு போவ மாட்ட" என்றாள். பாவம், திருட்டுத்தனமெல்லாம் இல்லை. நியாயம் சொல்கிற முகம்.

அடிக்கவில்லை. யாருக்காக இந்தத் தூசியும் வட்டம் சுற்றுகிற வாத்தியாரும்? இவளுக்காகத்தானே? மத்தியானம் பட்டினி கிடந்து என் பெண் கேட்டது எனக்கு எதிராக, இன்னொருத்திக்காக. அந்த வீட்டுக் கடவுள்மேல்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது. இனி அந்தப் படி ஏற விடுவதில்லை என்று தீர்மானித்தேன். மறுநாள் சாயந்திரம் மில்லில் லோடு ஏறி முடியவில்லை. முதலாளி விடவில்லை. ஏழு மணிக்கு ஓடி வந்து பார்த்தால், இவள் மேலே சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். என் தீர்மானம் ஒரு நாள் தாங்கவில்லை.

இரண்டாம் வருஷ ரிசல்ட் வந்த அன்று இவள் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கம் மெதுவாகத் திறந்தது. எல்லாம் பாஸ். நான் சொன்னதும் அவள் உதடு பிதுங்கியது. அப்புறம் கடையே திரும்பிப் பார்க்கும்படி ஓவென்று அழுதாள்.

"ஏய், இன்னும் ஒரு வருசம் கீதுடி" என்றேன்.

அழுகை சட்டென்று நின்றது. "நெஜமா?" என்று கேட்டுவிட்டு, மூக்கைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அதைச் சொல்ல மாடிக்கு ஓடினாள்.

எனக்கும் பாஸானதைச் சொல்ல யாராவது வேண்டியிருந்தது. யோசித்துப் பார்த்தேன், அந்த ஊரில் மாடியை விட்டால் வேறு ஆளில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.