ரஷீத் நானா கடை டிவியில் ஓடிய விளம்பரம்

ரஷீத் நானா போய்விட்டார்.

காலையில் ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்து பார்த்தால் எதிரில் கடை பூட்டிக் கிடக்கிறது. விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து படுத்தவர் எழும்பவே இல்லையாம். சாயந்திரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கமும் முடிந்துவிட்டது.

பதுளை பஜாரில் டிவி, ஃபேன், ரைஸ் குக்கர் விற்ற மனுஷன். தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்... தெரிந்தவர்களும் முழுசாகப் படியுங்கள், உங்களுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது.

கடை வாசலில் எப்போதும் ஒரு பெரிய டிவி ஓடும். முதலில் கிரிக்கெட் போட்டார். கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. ரைஸ் குக்கர் வாங்க வந்தவர்கள் உள்ளே போக வழியில்லாமல் அடுத்த கடைக்குப் போனார்கள். சீரியல் போட்டுப் பார்த்தார்... அது அதைவிட மோசம்.

கடைசியில் கோபம் வந்து ஒரு அமெரிக்க நியூஸ் சேனலைப் போட்டு, சத்தத்தையும் நிறுத்திவிட்டார். "இப்ப நில்லுங்க பாப்பம்!" என்றார் எங்களைப் பார்த்து.

நின்றோமே!

கோட்டுப் போட்ட ஆள், கீழே சிவப்புப் பட்டி, பக்கத்தில் தீ, வெள்ளம், சண்டை. சத்தம் இல்லாததால் வசனமெல்லாம் எங்களுடையதுதான். அமெரிக்கத் தேர்தல் வந்தபோது ஸ்டாண்டே சிவப்பு, நீலம் என்று இரண்டாகி, பக்கத்து ஆட்டோ குமார் என்னோடு பேச்சையே விட்டுவிட்டான். அந்த ஊரில் எங்கள் இரண்டு பேருக்கும் ஓட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழா நோட்டீஸில்கூட மேலே சிவப்பில் 'பிரேக்கிங் நியூஸ்' என்று அடித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

ஆனால் ஒரு கூட்டம் மட்டும் வேடிக்கை பார்க்க வரவில்லை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயங்களிலிருந்து, அந்த வரிசை வீடுகளிலிருந்து வருகிற அம்மாமார். மகள்மார் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருப்பார்கள். அந்த நாட்டுப் பக்கம் ராக்கெட் பறக்கிறது என்று இந்தச் சேனல்காரன் காட்டினால் போதும், யாராவது போனில் பார்த்துச் சொல்ல, லயமே அழும். அடுத்த பஸ்ஸில் வந்து நானா கடை டிவி முன்னால் நிற்பார்கள்.

நானாவுக்கும் இங்கிலிஷ் அவ்வளவாக வராது. பார்த்துப் பார்த்து அவராகவே ஒரு கணக்கு வைத்திருந்தார்.

"தங்கச்சி, இங்க பாருங்க... விளம்பரம் போடுறான். நெசமாவே பெரிய பிரச்சினைன்னா இவனுகள் விளம்பரத்த நிப்பாட்டிருவானுகள். விளம்பரம் வந்தா பயப்பட வாணாம். போய் சோத்த ஆக்குங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். "விளம்பரம் போட்டுட்டானா?" என்று கேட்பது தோட்டத்தில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

என் மனைவி செல்வியும் அப்படி ஒரு நாட்டில் இருந்தாள். அப்போது ஒரு வெள்ளிக்கிழமை...

காலையிலிருந்து டிவியில் ஒரே புகை. சிவப்புப் பட்டியில் அவள் இருந்த ஊரின் பெயர். போன் போகவே இல்லை. விளம்பரமும் இல்லை. மத்தியானமாகியும் இல்லை.

செல்வியின் அம்மா, என் அத்தை, கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு அப்படியே வந்துவிட்டார். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்தார். அழவில்லை. "போகாதடின்னு சொன்னேனே மருமகனே..." என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

அப்புறம் அந்தப் பேச்சும் நின்று, மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்குப் போவோம் அத்த" என்று கெஞ்சினேன். டிவியை விட்டு நகர மாட்டேன் என்கிறார்! அங்கே அவள், இங்கே இவர். யாரை நினைத்து அழுவது?

ஜும்ஆ தொழுகைக்குக் கடையைப் பூட்டுகிற நானா, அன்று திறந்தபடியே என்னிடம் விட்டுவிட்டுப் போனார். தொழுதுவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். அத்தையின் முகத்தைப் பார்த்தார். டிவிக்குப் பின்னால் போய் வயரை ஆட்டிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில்... விளம்பரம்!

தண்ணீருக்குள் பழங்கள் விழுந்தன. ஒரு பூ மெதுவாக விரிந்தது. பச்சைக் குருவி ஒன்று பறந்தது. ஏதோ ஜூஸ் விளம்பரம் என்று நினைத்தேன். ஸ்டாண்டே கை தட்டியது. குமார் விசில் அடித்தான்.

"பாத்தீங்களா தங்கச்சி? போட்டுட்டான். எழும்புங்க" என்றார் நானா.

அத்தை டிவியைக் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குப் பிறகுதான் ஆட்டோவில் ஏறினார். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துப் படுக்க வைத்தார்கள்.

சாயந்திரம் செல்வியே எனக்குப் போன் எடுத்தாள். "எங்க பக்கம் ஒண்ணும் இல்லீங்க, லைன்தான் இல்ல. அம்மா எதுக்கு அழுவுது?"

இந்தக் கதையைச் சொல்லி எத்தனையோ தரம் சிரித்திருக்கிறோம். நானாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்... சிரித்துவிட்டு டிவியைத் துடைக்கப் போய்விடுவார்.

இன்று அடக்கம் முடிந்து திரும்பும்போது நானாவின் மகன் இர்ஷாத் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, அன்னைக்கு வந்தது சேனல்ல போட்ட விளம்பரம் இல்ல. டிவி வாங்க வாறவங்களுக்குக் கலர் காட்ட கம்பெனில குடுத்த பென் டிரைவ். வாப்பாதான் சொருகினாரு. தொழுதுட்டு வந்த கையோட பொய் சொல்லிட்டேனேன்னு, செல்வி அக்கா போன் எடுக்குற வரைக்கும் கடைக்குள்ளயே நடந்துக்கிட்டு ஈந்தாரு."

அடப்பாவி நானா! அந்தக் குருவியை அதற்குப் பிறகும் அதே டிவியில் எத்தனை தரம் பார்த்திருப்பேன். எதிரிலேயே நின்றுகொண்டு எனக்கு உறைக்கவில்லையே... நடு ரோட்டில் நின்று சிரித்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது.

ஸ்பிரிங்வெளிக்காரர்களே, தயவுசெய்து யாரும் இதை அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள். லயத்துப் பிள்ளைகள் சிலர் இன்னும் வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாமாருக்கு இப்போது அந்த விளம்பரக் கணக்கைச் சொல்லித் தைரியம் கொடுப்பது அத்தைதான்.

செல்வி இதோ, பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள் நானா. நீங்கள் சொன்னது பொய்யாகவில்லை.

நிம்மதியாகப் போய் வாங்க.